நிற்கச் சொல்லி அளவெடுத்த பகவதி

சிகந்தராபாத் பக்கம் மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் ஜாக்கெட் தைக்கக் கொடுக்கப் போகிறவர்களிடம் பகவதி முதலில் சொல்வது "வாங்க" அல்ல, "நில்லுங்க". துணியைக் கையில் வாங்குவதற்கு முன்பே சொல்லிவிடுவாள். முன்னறையிலிருந்து சமையலறைக்குப் போகும் வாசல் நிலையில் ஒரு நூல் தொங்கும். நூலின் நுனியில் ஒரு பித்தளைக் குண்டு. சுவர் நேராக எழும்புகிறதா என்று பார்க்கக் கொத்தனார்கள் வைத்திருக்கும் தூக்குக்குண்டேதான். செருப்பைக் கழற்றிவிட்டு அதன் அருகில் பக்கவாட்டில் திரும்பி நிற்க வேண்டும். புதிதாக வருகிறவர்கள் விழிப்பார்கள். "என்னம்மா, எனக்கு ஜாக்கெட் தைக்கப் போறியா, என் தலை மேல மாடி கட்டப் போறியா?" என்று ஒரு டிக்கெட் கலெக்டரின் மனைவி கேட்டதை அந்த வரிசை வீடுகளில் பல வருஷம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். பகவதியும் கூடச் சேர்ந்து சிரிப்பாள். டேப்பை மட்டும் கீழே வைக்கமாட்டாள்.

அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து 1958இல் கல்யாணமாகி வந்தவள் அவள். புருஷன் நடேசன் லாலாகுடா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். வந்த புதிதில் அவளுக்குத் தெலுங்கும் தெரியாது, இந்தியும் தெரியாது. தையல் தெரியும். அதை வைத்தே இரண்டையும் கற்றுக்கொண்டாள். ஆறே மாதத்தில் "கைக்கு ஜல்தி? கல் ஆவோ" (என்ன அவசரம், நாளைக்கு வா) என்று சொல்லித் தைத்ததை வாங்க வந்தவளைத் துணி இல்லாமல் திருப்பி அனுப்பும் அளவுக்குத் தேறிவிட்டாள்.

அந்தக் காலத்தில் அவளும் எல்லாத் தையற்காரர்களையும் போல அளவு ஜாக்கெட் வாங்கித்தான் தைத்துக்கொண்டிருந்தாள். நம் பெண்களுக்கு இது ஒரு வழக்கம். உடம்பில் டேப்பு வைத்து அளக்க விடமாட்டார்கள். நன்றாகப் பொருந்திய பழைய ஜாக்கெட் ஒன்றைத் துணியோடு சுருட்டிக் கொடுத்து, "இதே அளவு, அப்படியே" என்பார்கள். அந்த ஒரு ஜாக்கெட் பெட்டிக்கும் தையற்காரிக்குமாகப் பத்து வருஷம் நடந்துகொண்டிருக்கும். போட்டுக்கொள்கிறவளுக்குப் பிள்ளை பிறக்கும், இடுப்பு வலி வரும், மூக்குக் கண்ணாடி வரும். அளவு ஜாக்கெட் மட்டும் கல்யாணப் பெண்ணாகவே இருக்கும்.

1962இல் கல்பகம் வந்தாள். கும்பகோணத்துக்காரி. அப்போது அவளுக்கு முப்பத்தைந்து வயது. புருஷன் திடீரென்று காலமாகிவிட, அவர் பார்த்த வேலைக்குப் பதிலாகப் போலாரத்தில் ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் குமாஸ்தா வேலை கொடுத்திருந்தார்கள். மூன்றாம் வகுப்புப் படிக்கும் பிள்ளை உமாசங்கரோடு குவார்ட்டர்ஸை ஒட்டிய சந்தில் ஒரு போர்ஷன் எடுத்துக் குடியிருந்தாள். ஆபீஸுக்குப் போட்டுக்கொள்ள நாலு ஜாக்கெட் வேண்டும் என்று அளவு ஜாக்கெட்டோடு கொடுத்தாள். பகவதி நூல் பிசகாமல் தைத்தாள். போட்டுப் பார்த்தால் முதுகில் ஜாக்கெட் மேலே ஏறிக்கொண்டு நின்றது, முன்னால் தொளதொளவென்று தொங்கியது. பிரித்துத் தைத்தாள். மறுபடியும் அதே கூத்து. மூன்றாவது தடவை கல்பகத்துக்குக் கோபம் வந்துவிட்டது.

"அளவு குடுத்தாச்சு, துணி குடுத்தாச்சு. இன்னும் நான் என்னதான் குடுக்கணும்?"

"ஒரு நிமிசம் நின்னு குடுங்க மாமி," என்றாள் பகவதி.

கல்பகம் நின்றாள். பகவதி அவளைச் சுற்றி ஒரு முறை வந்தாள். காரணம் கண்ணெதிரே இருந்தது. ஒரு வருஷமாகக் காலை பத்திலிருந்து மாலை ஐந்துவரை ஃபைலுக்கு மேல் குனிந்த தோள்கள் நிமிர மறந்துபோய் முன்னால் வந்திருந்தன. முதுகு நீண்டிருந்தது, மார்புப் பக்கம் சுருங்கியிருந்தது. அளவு ஜாக்கெட் பொய் சொல்லவில்லை. ஏழு வருஷத்துக்கு முந்தைய கல்பகத்தைப் பற்றிய உண்மையைச் சொல்லியிருந்தது, அவ்வளவுதான். அன்றைக்கே பகவதி ஒரு விரதம் எடுத்துக்கொண்டாள்: இனிமேல் அளவு ஜாக்கெட் வாங்குவதில்லை. ஆள் வந்து நிற்க வேண்டும். எத்தனை தடவை தைக்கக் கொடுத்தாலும் அத்தனை தடவையும் நிற்க வேண்டும்.

"ஊர் ஒலகத்துல இல்லாத சட்டமா இருக்கே ஏளா," என்றான் நடேசன். ஆனாலும் இவள் கண்ணை இடுக்கிக்கொண்டு ஆட்களைச் சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பதைக் கவனித்துவிட்டு, ஒரு நாள் தூக்குக்குண்டைச் செய்து கொண்டுவந்து நிலையில் மாட்டிவிட்டான். "கண்ணு ஏமாத்தும். குண்டு ஏமாத்தாது" என்று மட்டும் சொன்னான். அதிகம் பேசுகிற ஆளில்லை.

அதற்கப்புறம் பகவதி பார்த்ததை எந்தப் படிப்பும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. பதினெட்டு வயதுப் பெண் நின்றால் காது, தோள், இடுப்பு, கணுக்கால் நான்கும் நூலை ஒட்டி வரும். நாற்பதில் காது ஒரு விரல்கடை முன்னால் போகும். ஐம்பதைத் தாண்டினால் தோளும் காதோடு கிளம்பும். முன்னால் போன பாரத்தைச் சமாளிக்க இடுப்பு பின்னால் தள்ளும், முழங்கால் லேசாக மடியும், ஒட்டி நின்ற பாதங்கள் விலகிக்கொள்ளும். கைக்குழியில் டேப்பைச் சுற்றுவதற்காக இரண்டு கையையும் தூக்கச் சொன்னால் சின்னப் பெண்கள் அசையாமல் நிற்பார்கள். வயதானவர்கள் அரை அடி நகர்ந்துவிடுவார்கள். நகர்ந்தது அவர்களுக்கே தெரியாது. ஒவ்வொருத்திக்கும் நோட்டில் ஒரு பக்கம் போட்டு, தேதி, தோளிலிருந்து இடுப்புவரை முன் உயரம், பின் உயரம் என்று எழுதிவைத்தாள். ஓரத்தில் அவளுக்கு மட்டும் புரிகிற மாதிரி ஓரிரு சொற்கள் இருக்கும். "வலது கைல வாளி." "இடது இடுப்புல பிள்ளை." "நகந்தா."

பார்த்ததை அவள் யாரிடமும் சொல்லிக் காட்டியதில்லை. மறைத்துக் கொடுத்தாள். அதுதான் அவள் பெருமை. தோள் தையலை ஒரு விரல் முன்னால் தள்ளுவாள். பின் கழுத்தை உயர்த்தி, பிடரிக்குக் கீழே குழி விழுகிற இடத்தில் மெல்லிய கேன்வாஸ் கொடுத்து நிரப்புவாள். முன்பக்க டக்கை, அந்தத் தையல் மடிப்பை, ஏற்றிப் பிடிப்பாள். அறுபது வயதுக்காரி அந்த ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு கல்யாண வீட்டுக்குப் போனால் பத்து வயது குறைந்துவிட்டது என்பார்கள். ஆள் பாதி ஆடை பாதி என்று சும்மாவா சொன்னார்கள்? சிகந்தராபாத்திலிருந்தும் மாரேட்பள்ளியிலிருந்தும் காரில் வந்து பகவதியின் வாசல் நிலையில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்ற பெரிய இடத்துப் பெண்கள் உண்டு.

இப்படி இருபது வருஷம் போயிற்று. உமாசங்கர் படித்து எஞ்சினியராகிப் பிலாயில் உருக்காலை வேலைக்குப் போய்விட்டான். கல்பகம் தலைமைக் குமாஸ்தாவாகி, இன்னமும் தினம் சிகந்தராபாத் ஸ்டேஷன் எதிரே போலாரம் பஸ் ஏறிக்கொண்டிருந்தாள். நோட்டில் அவளுக்குத்தான் அதிக வரிகள். 1962இல் முன் உயரம் பின்னைவிட அரை அங்குலம் கூடுதல். 1975இல் இரண்டும் சமம். 1981இல் பின் உயரம் அரை அங்குலம் கூடுதல். எல்லாம் மெதுவாக, வயதுக்குத் தக்கபடி நடந்தவை.

1982 மார்கழியில் கல்பகம் அரக்கு நிறப் பட்டுத் துணியோடு வந்தாள். பொங்கலுக்குப் பிள்ளை வருகிறானாம். பகவதி டேப்பை வைத்துப் பார்த்தாள். நம்பாமல் மறுபடியும் வைத்தாள். ஒன்றேகால் அங்குலம். ஒரே வருஷத்தில் முக்கால் அங்குலம் கூடியிருந்தது. கையைத் தூக்கச் சொன்னதும் கல்பகம் தூக்கினாள், அடுத்த நொடி ஒரு கை தானாகவே வந்து நிலையைப் பிடித்துக்கொண்டது.

"மாமி, எங்கயும் விழுந்தீங்களா?"

"குளிக்கற உள்ளுல ஒருதரம். மாடிப்படில ஒருதரம். அடியொண்ணும் இல்லை."

"டாக்டரப் போய்ப் பாருங்க. இது எனக்குச் சரியாப் படல."

"நீ டெய்லரா, டாக்டரா?" கல்பகம் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள். "பகவதி, உன்கிட்ட சொல்றதுக்கென்ன. உமா என்னை இப்படிப் பார்த்தான்னா, 'அம்மா, வேலையை விட்டுட்டுக் கிளம்பு'ன்னுடுவான். இன்னும் மூணு வருஷம் சர்வீஸ் இருக்கு. எனக்குன்னு ஒரு மேஜை இருக்கு, ஒரு பஸ் இருக்கு, நானே திறந்து நானே மூடற ஒரு கதவு இருக்கு. அங்க போனா அவன் ஆத்துக் கூடத்துல ஒரு நாற்காலிதான். அவன் நல்ல பிள்ளை, அதான் பயமா இருக்கு. பொல்லாதவனா இருந்தா போடான்னுடலாம். நீ நிமிர்த்திக் குடுத்துடு. ரெண்டு நாள் தானே!"

பகவதி சரி என்றாள். சிநேகிதி கேட்கிறாள் என்பது ஒரு காரணம். தன்னால் முடியும் என்ற கர்வம் இன்னொரு காரணம். அதையும் சொல்லத்தான் வேண்டும். மூன்று நாள் உட்கார்ந்து தைத்தாள். வாழ்நாளில் அவள் தைத்தவற்றில் அதற்கு ஈடு கிடையாது. உமாசங்கர் வந்தான், அம்மாவைப் பார்த்தான், "நன்னாதான் இருக்கே" என்றான், பால் பொங்கல் சாப்பிட்டுவிட்டு ரயிலேறினான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாகிவிட்டது.

பிப்ரவரியில் ஒரு நாள் கல்பகம் ஆபீஸ் வாசலில் பஸ்ஸிலிருந்து இறங்கினாள். பஸ் நின்றிருந்தது, கூட்டமும் இல்லை, யாரும் தள்ளவும் இல்லை. கால் தரையில் பட்டது, உடம்பு அதற்கு மேல் நிற்கவில்லை. ஊன்றிய இடது மணிக்கட்டு முறிந்தது. செய்தி வந்ததும் பகவதி அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடினாள்.

எலும்பு டாக்டர் தெலுங்குக்காரர், பொறுமைசாலி. மாவுக்கட்டுப் போட்டு முடித்தபின் கல்பகத்தை எழுப்பி, பாதங்களைச் சேர்த்து வைத்து நிற்கச் சொன்னார். பிறகு கண்ணை மூடச் சொன்னார். கல்பகம் கண்ணை மூடினாள். மூன்று எண்ணுவதற்குள் பக்கவாட்டில் சாய்ந்தாள். டாக்டர் பிடித்துக்கொண்டார். எலும்பு உள்ளே பொத்தலாகிக்கொண்டு வருகிறது, அதனால்தான் முதுகு வளைகிறது, அதற்கு மாத்திரை எழுதித் தருகிறேன் என்றார். ஆனால் வளைந்த உடம்பு தன் எடையைத் தாங்கி நிற்க மறுபடியும் பழக வேண்டும், இத்தனை நாள் இந்த அம்மா கண்ணைக் கொண்டே சமாளித்திருக்கிறார், கால் மறந்துவிட்டது, அதை மாத்திரை செய்யாது என்றார். பகவதி சுவரோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "நகந்தா, நகந்தா" என்று அவள் நோட்டின் ஓரத்தில் எழுதியதற்கெல்லாம் அன்றைக்குத்தான் அர்த்தம் புரிந்தது.

வீட்டுக்கு வந்து நடேசனிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். அவன் சோற்றைப் பிசைந்தபடியே கேட்டான்.

"விரிசல் விட்ட இரும்புக்குப் பெயின்ட் அடிச்சு வண்டில மாட்டினா என்ன ஆகும்?"

"என்ன ஆகும்?"

"அதத்தான் நீ செஞ்சிருக்க."

வேறு யாராவது சொல்லியிருந்தால் பகவதி சும்மா விட்டிருக்கமாட்டாள். அன்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நேரே கல்பகத்தின் வீட்டுக்குப் போய், "மாமி, என்னாலதான் உங்களுக்கு இந்தக் கெதி. நான் மறைச்சிருக்கப்படாது," என்று அழுதாள். கல்பகம் கட்டிலில் சாய்ந்தபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அழுது முடிச்சாச்சா? இப்ப கொஞ்சம் திரும்பு. உன் முதுகைக் காட்டு." பகவதி திரும்பினாள். "நானும் ரொம்ப நாளா கேக்கணும்னு இருந்தேன். உன் ஜாக்கெட் ஏன் பின்னால இப்படி ஏறிண்டு நிக்கறது? உனக்கு யார் அளவெடுக்கறா?"

பகவதிக்கு முகம் செத்துவிட்டது. யார் எடுப்பது? 1958இல் கல்யாணத்துக்குத் தைத்த ஒன்று பெட்டியில் இருந்தது. இருபத்தைந்து வருஷமாக அதைப் பார்த்துத்தான் தனக்கு வெட்டிக்கொண்டிருந்தாள். ஊருக்கெல்லாம் அளவு ஜாக்கெட்டைத் தடை செய்தவள்! தன் முதுகு தனக்குத் தெரியாது என்பது இதுதான். கல்பகம் கட்டுப் போடாத கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க, பகவதியும் அழுகையோடு அழுகையாகச் சிரித்தாள். மறுநாள் தூக்குக்குண்டுக்குப் பக்கத்தில் பகவதி நின்றாள், கல்பகம் ஒற்றைக் கையால் டேப்பைப் பிடித்தாள். நாற்பத்தாறு வயதில் பகவதியின் காது நூலைத் தாண்டி இரண்டு விரல்கடை போயிருந்தது.

அதிலிருந்து இருவரும் சேர்ந்தே பழகினார்கள். காலை ஆறு மணிக்குக் கல்பகம் வந்துவிடுவாள். தையல் மிஷினின் ஓரத்தை ஒரு விரலால் தொட்டுக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்பது. பகவதி எண்ணுவாள். முதல் நாள் கல்பகத்துக்கு நாலு எண்ணிக்கை. பகவதிக்குப் பதினொன்று, அதற்கே மூச்சு வாங்கியது. துணியில் கோடு போடும் சாக்பீஸால் தரையில் முன்னறை முழுக்க ஒரு நேர்கோடு போட்டாள். குதிகாலை மறு காலின் பெருவிரலோடு ஒட்டி வைத்து அதன்மேல் நடக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு நிற்க வேண்டும், கூப்பிட்டால் தலையைத் திருப்ப வேண்டும். சுவரில் குதிகாலும் முதுகும் படும்படி நின்று தலையைப் பின்னால் கொண்டுபோக வேண்டும். இதில் பாதி டாக்டர் சொன்னது. மீதி, இருபது வருஷம் ஆட்களை நிற்கவைத்துப் பார்த்த பகவதி தானாகக் கண்டுபிடித்தது. ஜாக்கெட் வாங்க வந்தவர்கள் இதைப் பார்த்து, "இங்க தையல் நடக்குதா, சர்க்கஸ் நடக்குதா?" என்றார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? கேலி பேசியவர்களில் நாலு பேர் சித்திரைக்குள் கோட்டில் நடக்க வந்துவிட்டார்கள். அவர்களில் ஒருத்தி அந்த டிக்கெட் கலெக்டரின் மனைவி.

ஒவ்வொரு நாளும் ஏறுமுகமாக இருந்துவிடவில்லை. மழைக்காலத்தில் கல்பகம் ஒரு வாரம் வரவே இல்லை. "இந்த வயசுல எனக்கு எதுக்குடி இந்தக் கோமாளித்தனம்?" என்று கதவைச் சாத்திக்கொண்டாள். பகவதி கதவுக்கு வெளியே நின்று, "நானும் ஒத்தக் கால்லதான் நிக்கேன், நீங்க தொறக்குற வரைக்கும்," என்றாள். நிஜமாகவே நின்றாள். பால்காரன் வந்து பார்த்துவிட்டுச் சைக்கிளை விட்டு இறங்கினான். கதவு திறந்தது. அப்படி ஒரு பிடிவாதக்காரியை நான் கேள்விப்பட்டதில்லை. தீபாவளிக்குக் கல்பகம் எதையும் தொடாமல் முப்பது எண்ணினாள். கார்த்திகையில் கண்ணை மூடி எட்டு.

அப்போதுதான் கடிதம் வந்தது. ஆபீஸில் யாரோ ஒரு புண்ணியவான், கை முறிந்த விஷயத்தைத் தாமதமாகவேனும் உமாசங்கருக்கு எழுதிவிட்டார். பொங்கலுக்கு வருகிறேன், திரும்பும்போது இரண்டு டிக்கெட், நீ என்னோடு வருகிறாய், பேச்சே வேண்டாம் என்று எழுதியிருந்தான்.

கல்பகம் அந்தக் கடிதத்தையும் ஒரு பட்டுத் துணியையும் சேர்த்துக் கொண்டுவந்து மிஷின் மேல் வைத்தாள்.

"போன வருஷம் தைச்சியே, அதே மாதிரி."

"மாட்டேன் மாமி."

"என்னடி சொல்றே?"

"உள்ளத உள்ளபடிதான் வெட்டுவேன். கேன்வாஸ் வைக்கமாட்டேன்."

"என் வாழ்க்கைடீ இது! கூனோட போய் அவன் முன்னால நின்னா ஒரு வார்த்தை பேச விடுவானா?"

"போன தடவ அவரு பாத்தது என் தையல, உங்கள இல்ல. அதான் நிம்மதியாப் போயிட்டாரு, நீங்க விழுந்தீங்க. இந்தத் தடவ உங்களப் பாக்கட்டும்."

"நான் மோண்டா மார்க்கெட்ல குடுத்துத் தைச்சுக்கறேன்."

"போங்க. அங்க அளவு ஜாக்கெட் கேப்பாவ."

கல்பகம் துணியை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று போய்விட்டாள். இரண்டு நாள் காலையில் வரவில்லை. பகவதிக்குச் சோறு இறங்கவில்லை. இருபத்தோரு வருஷச் சிநேகிதம் ஒரு முழத் துணியில் போய்விடுமோ என்று பயந்தாள். மூன்றாம் நாள் ஆறு மணிக்குக் கல்பகம் துணியோடு வந்து, தூக்குக்குண்டுக்குப் பக்கத்தில் நின்றாள். பகவதி டேப்பை எடுத்து அளந்தாள். பின் உயரம் ஒன்றேகால் அங்குலம் கூடுதல். போன வருஷம் இருந்த அதே ஒன்றேகால். குறையவில்லை, ஏறவும் இல்லை. அந்த ஒன்றேகாலை ஒளிக்காமல், குனிந்த முதுகுக்கு எவ்வளவு துணி வேண்டுமோ அவ்வளவு கொடுத்துத் தைத்தாள். ஜாக்கெட் எங்கும் ஏறாமல் எங்கும் தொங்காமல் அந்த உடம்புக்கென்றே பிறந்தது மாதிரி உட்கார்ந்தது. கூன் தெரிந்தது.

உமாசங்கர் வந்தான். அம்மாவைக் கண்டதும் பையைத் தரையில் வைக்கக்கூட மறந்து நின்றான். "என்னம்மா இது, இப்படி வளைஞ்சு போயிட்டே?" என்று கேட்டபோது அவன் குரல் உடைந்தது. அன்றைக்கெல்லாம் கெஞ்சல், கோபம், மறுபடியும் கெஞ்சல். இரண்டு டிக்கெட்டையும் எடுத்துச் சுவாமி படத்துக்கு முன்னால் வைத்தான். சாயங்காலம் கல்பகம் பகவதியைக் கூப்பிட்டு அனுப்பி, அவளை வைத்துக்கொண்டு பேசினாள்.

"உமா, நாளைக்கு என்னோட ஆபீஸுக்கு வா. காலம்பற ஒம்பதேகால் பஸ்ஸு. எல்லாரும் பிடிக்கறாப்பல கம்பியைப் பிடிச்சுப்பேன். யாராவது இடம் குடுத்தாலும் உக்காரமாட்டேன். உன்னையோ வேற ஆளையோ பிடிக்கமாட்டேன். ஒருதரம் பிடிச்சேனானா அங்கேயே லீவு எழுதிக் குடுத்துட்டு உன்னோட வந்துடறேன். பகவதி சாட்சிக்கு வருவா."

"இது என்ன விளையாட்டு?" என்றான் அவன். பகவதிக்கும் அதே கேள்விதான். இந்த ஒரு வருஷம் அசையாத தரையில் பழகியது. பஸ் ஆடும். மாமி நாளைக்கு ஒரு தடவை சறுக்கினால் போலாரமும் போயிற்று, மேஜையும் போயிற்று, அந்தக் கதவும் போயிற்று. மறைத்துத் தைத்துக் கொடுத்திருந்தால் இந்தப் பரீட்சையே வந்திருக்காது. தான் செய்தது சரிதானா என்று முதல் தடவையாகச் சந்தேகம் வந்தது.

மறுநாள் பஸ்ஸில் சரியான கூட்டம். பெண்கள் முன்பக்கம், ஆண்கள் பின்பக்கம். உமாசங்கர் இரண்டுக்கும் நடுவில் ஒரு கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். கல்பகம் வலது கையால் மேல்கம்பியைப் பிடித்தாள். பழைய உயரம் இல்லாததால் அவளுக்கு எட்டிப் பிடிக்க வேண்டியிருந்தது. காலேஜ் பெண் ஒருத்தி எழுந்து, "பைட்டியே ஆன்ட்டி," என்றாள். "நக்கோ மா, நீ உக்காரு," என்று கல்பகம் அவளை உட்காரவைத்தாள். பகவதி அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை. பாதங்களையே பார்த்துக்கொண்டு வந்தாள். பாதங்கள் ஒரு சாண் விலகி நின்றன. பஸ் ஆட ஆட முழங்கால் கொடுத்து வாங்கியது. திருமலகிரி தாண்டியது. பகவதி தனக்குத் தெரிந்த அம்மன் பெயரையெல்லாம் வரிசையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

லோத்குண்டாவில் ஓர் எருமை குறுக்கே வந்தது. டிரைவர் பிரேக்கை ஓங்கி மிதித்தார். பஸ் முழுக்க முன்னால் சரிந்தது. பகவதி தொப்பென்று யாரோ ஒரு புர்க்கா அம்மாளின் மடியில் போய் விழுந்தாள். உமாசங்கர் கம்பியை விட்டுவிட்டு முன்னால் நின்ற தபால்காரரைக் கட்டிக்கொண்டான். விழுந்த இடத்திலிருந்தே பகவதி கல்பகத்தின் கால்களைத் தேடினாள். வலது பாதம் அரை அடி முன்னால் போயிருந்தது, முழங்கால் மடிந்திருந்தது, வளைந்த முதுகு இன்னும் கொஞ்சம் வளைந்திருந்தது. ஆள் நின்றிருந்தாள். ஒரு நொடி கழித்து அந்தப் பாதம் பின்னால் வந்து பழைய இடத்தில் உட்கார்ந்தது. "அடி படலையே பகவதி?" என்று மேலிருந்து குரல் வந்தது. பகவதி புர்க்கா அம்மாளின் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

போலாரத்தில் மூவரும் இறங்கினார்கள். கல்பகம் தானாகப் படியைப் பார்த்து, தானாகத் தரையைப் பார்த்து இறங்கினாள். "சாயங்காலம் சாவியைப் பக்கத்தாத்துல வாங்கிக்கோ" என்று பிள்ளையிடம் சொல்லிவிட்டுச் சாலையைக் கடந்தாள். குனிந்த தோளில் கைப்பை தொங்கியது. உமாசங்கர் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"பகவதியக்கா, அம்மா முதுகு இனிமே நிமிராதா?"

"நிமிராது தம்பி."

"மறுபடியும் விழமாட்டாளா?"

பகவதி யோசித்தாள். இவனிடம் ஒரு தடவை பொய் சொல்லியாகிவிட்டது. "விழலாம். நான் இப்ப விழலியா? நீங்க விழலியா? ஆனா கூனு வேற, விழுறது வேற தம்பி. வளைஞ்சாப்புலயே நிக்கதுக்கு ஒரு வருசமாப் படிச்சிருக்காவ."

காலையில் சுவாமி படத்துக்கு முன்னாலிருந்து டிக்கெட்டுகளை எடுத்து வைத்திருந்த சட்டைப் பையை அவன் தொட்டுப் பார்த்துக்கொண்டான். "அம்மா டிக்கெட்டை ஸ்டேஷன்ல எத்தனை மணி வரைக்கும் கேன்சல் பண்ணுவா?" என்று கேட்டான். குனிந்து கண்ணைத் துடைத்துக்கொண்டான். பகவதி ரோட்டிலேயே நின்று வாய்விட்டு அழுதாள், வெட்கப்படவில்லை.

கேட்டைத் தாண்டி உள்ளே போன கல்பகம் திரும்பிப் பார்க்கவில்லை. ஆபீஸுக்கு ஐந்து நிமிஷம் தாமதமாகியிருந்தது.